பழைய வேகக் காரில் பிரேக் பிடிக்கவில்லையா? முதலில் பெடலைக் கேளுங்கள்

திருநெல்வேலிப் பக்கம் ஃபோர்டு ஐகான் 1.6, ஹோண்டா சிட்டி விடெக், ஃபியட் பாலியோ 1.6 என்று ஆசைப்பட்டு ஒரு பழைய வண்டியைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் கொஞ்ச நாளிலேயே சொல்கிற குறை ஒன்றுதான்: "இஞ்சின் இன்னும் பறக்கு அண்ணாச்சி, பிரேக்குதான் பிடிக்க மாட்டேங்கு." அடுத்த கேள்வியும் தெரிந்ததே. பெரிய டிஸ்க் போடலாமா, பின்னாலும் டிஸ்க்காக மாற்றிவிடலாமா? பொறுங்கள். அந்த வண்டிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரு டன் எடை, 100 குதிரைசக்திக்கு அக்கம்பக்கம், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 2000-ஐ ஒட்டி ஷோரூமை விட்டு இறங்கியபோது அந்த பிரேக் அந்த வேகத்துக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் ரப்பர் இறுகி, உள்ளே கம்பிகள் துருப்பிடித்து, பிரேக் ஆயில் ஈரம் குடித்து, டிஸ்க்கைக் கவ்வுகிற பேட்டை யாரோ எங்கேயோ மலிவாக மாட்டி, எல்லாம் சேர்ந்து பாதி பிரேக்தான் மிச்சம். அந்தப் பாதியின் மேல் காசு கொட்டி பெரிய டிஸ்க் மாட்டினாலும் பாதிதான் வரும். பழையதை முதலில் முழுசாக்குங்கள், அப்புறம் ஆசையைப் பார்க்கலாம்.

வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்கு பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. டவுனுக்குள் 60-ல் நிறுத்தும்போது "பரவால்லையே" என்று தோன்றுகிற பிரேக், நாகர்கோவில் போகிற நான்குவழிச் சாலையில் பணகுடி தாண்டி 120-ல் ஒரு மாடு குறுக்கே வரும்போது வேறு பிரேக் ஆகிவிடும். ஆகவே "மெதுவா போனா பிடிக்குது" என்பதை ஒரு சோதனையாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேலை தொடங்கும் முன் ஒரே ஒரு கண்டிப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி வீலைக் கழற்றிக் கையை உள்ளே விடக்கூடாது. ஜாக் ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி வண்டியை நிறுத்துகிற பழக்கம் நம் ஊரில் உண்டு, அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள், மணல் தரையில் வேலை செய்யாதீர்கள்.

வீலைத் தொடாமலே தெரிந்துகொள்வது

முதலில் காலுக்குக் கீழே கிடக்கிற மேட்டை எடுத்து வெளியே போடுங்கள். சிரிக்க வேண்டாம், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட் போட்டு, பெடல் முழுசாக இறங்காமல் ஓடுகிற வண்டிகள் இருக்கின்றன.

இஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு தடவை அமுக்குங்கள், கெட்டியாகிவிடும். கெட்டியான பெடலை நல்ல அழுத்தத்தில் அரை நிமிஷம் அப்படியே மிதித்துப் பிடியுங்கள். அசையாமல் நின்றால் சரி. கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. நாலு வீலின் உள்பக்கமும் ஈரம் இருக்கிறதா, மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது) பூஸ்டரோடு (மிதியின் பலத்தைக் கூட்டித் தருவது) சேருகிற இடத்தில் பெயின்ட் உரிந்து ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே எங்குமே ஈரம் இல்லை, ஆயில் அளவும் குறையவில்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போய்விட்டது, ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது. அது சரியாகும் வரை வண்டி வாசலை விட்டு நகரக்கூடாது.

காலை எடுக்காமல் இப்போது இஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் காலுக்குக் கீழே ஒரு சின்ன அளவு தானாக இறங்கி லேசாக வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்கம், அதாவது இஞ்சின் உறிஞ்சுகிற இழுப்பு, வரவில்லை, அல்லது பூஸ்டரே போய்விட்டது. இஞ்சின் காற்றை உறிஞ்சுகிற இன்டேக் மேனிஃபோல்டில் இருந்து பூஸ்டருக்குப் போகிற தடித்த ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரியும். அதிலிருக்கிற ஒருவழி வால்வைக் கழற்றி வாயால் ஊதினால் ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும், இரண்டு பக்கமும் போனால் மாற்றிவிடுங்கள், அது பெரிய செலவு இல்லை. பெடலை மிதிக்கும்போது காலடியில் "உஸ்ஸ்" என்று சத்தம் விடாமல் வந்தால் பூஸ்டரின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். இன்னொரு விஷயம்: முந்தைய ஓனர் காம்ஷாஃப்ட் மாற்றி விளையாடியிருந்தால் ஐடிலில் வேக்கமே குறைவாக இருக்கும். டிராஃபிக்கில் இரண்டு மூன்று தடவை அடுத்தடுத்து மிதித்தால் பெடல் கல்லாகிறது என்று சொல்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

அடுத்து, வண்டி ஓடும்போது பெடல் எப்படி இருக்கிறது. இதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் மெக்கானிக்கிடம் பாதி வேலை முடிந்தது. பெடல் கெட்டி, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பூஸ்டர், பளபளவென்று இறுகிப்போன பேட், பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற கேலிப்பரில் இறுகின பிஸ்டன், இந்த மூன்றில் ஒன்று. பெடல் இட்லி மாவில் கால் வைத்த மாதிரி அமுங்கினால் ஆயில் போகிற லைனில் காற்று. முதல் மிதியில் கீழே போய் இரண்டாவது மிதியில் மேலே வந்து நின்றால் காற்றாகவும் இருக்கலாம், பின் டிரம்மில் உள்ளிருந்து விரிந்து பிடிக்கிற ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிப்போனதாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். பெடல் உயரம் கண்ணுக்குத் தெரிய மேலே வந்துவிட்டால் பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட்தான் பிரச்சினை, ஆயிலை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்க வீல் வேலை செய்யவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். பெடலும் ஸ்டியரிங்கும் நடுங்கினால் டிஸ்க்.

வீலைக் கழற்றினால்

முன் வீல்தான் முக்கியம், நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு அதனுடையது. பேட் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்த்துவிட்டு மாட்டிவிடுகிறார்கள், அது போதாது. உள் பேட், வெளி பேட் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே தடிமனாகத் தேய்ந்திருக்க வேண்டும். உள் பேட் தகடு வரைக்கும் போயிருக்கிறது, வெளி பேட் பாதிக்கு மேல் இருக்கிறது என்றால் கேலிப்பர் நகரவே இல்லை. அப்படியானால் ஸ்லைடு பின்னை, அதாவது கேலிப்பர் வழுக்கி நகர்கிற கம்பியை, இழுத்துப் பாருங்கள். நல்ல பின் விரலால் தள்ளினாலே ரப்பர் பூட்டுக்குள் போய்வர வேண்டும். நம் வண்டிகளில் வருவது வேறு: பிளையர் போட்டுத் திருகி எடுத்தால், காய்ந்து பிசினாகிப்போன பழுப்பு கிரீஸ், அதற்குக் கீழே செதில் செதிலாகத் துரு. திருச்செந்தூர், உவரி, கூடங்குளம் பக்கம் கடல் காற்றில் நிற்கிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். இந்த மாதிரி வண்டிகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே வெளியே வருகின்றன, நிற்க நிற்கத்தான் இது இறுகும்.

துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, குழி விழுந்திருந்தால் பின்னையே மாற்றி, சிலிக்கோன் கிரீஸ் போட்டு மாட்டுங்கள். வீல் பேரிங்குக்குப் போடுகிற சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதி, ஸ்லைடு பின் மறுபடி சிக்கிக்கொள்ளும். பழைய பிரேக் பாதியாகிப்போனதற்கு இந்த இரண்டு பின்கள்தான் காரணம் என்று ஆகிற வண்டிகள் ஏராளம், ஆனால் ஒருவரும் முதலில் இதைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் இதில் விற்பதற்கு ஒன்றும் இல்லை.

பிஸ்டனை ஜி-கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே தள்ளுங்கள். சீராகப் போனால் நல்லது. முரண்டு பிடித்தால் சீல் கிட் மாற்ற வேண்டும், பிஸ்டனில் துருக் குழி இருந்தால் பிஸ்டனும். தள்ளும்போது ஆயிலையும் காற்றையும் வெளியே விடுகிற பிளீடர் நிப்பிளைத் திறந்து, பழைய அழுக்கு ஆயிலை ஒரு டியூப் வழியாக வெளியே விடுங்கள், மேலே திருப்பி அனுப்பாதீர்கள்.

டிஸ்க்கின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு வரப்பு தட்டுப்படும், அவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பெரும்பாலான டிஸ்க்குகளில் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போனதை லேத்தில் கொடுத்து வழிக்கிற வேலை வேண்டாம். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. ஜோடியாக மாற்றுங்கள், பேட்டும் அப்படியே, இடது வலது இரண்டுக்கும் ஒரே நாளில்.

ரப்பர் ஹோஸை மடக்கிப் பாருங்கள். வெளியே வெடிப்பு இருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். வெளியே நன்றாகவே இருந்து உள்ளே பிய்ந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது, வீல் பிடித்துக்கொண்டே சுற்றும். அந்த வீலின் நிப்பிளைத் திறந்ததும் வீல் விடுபட்டால் அழுத்தம் மேலே எங்கோ சிக்கியிருக்கிறது, முதல் சந்தேகம் ஹோஸ். திறந்தும் விடுபடவில்லை என்றால் கேலிப்பர்.

சுத்தம் செய்ய பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். பட்டறையில் எல்லாவற்றையும் அதில்தான் கழுவுவார்கள், ஆனால் பிரேக்கின் ரப்பர் சீலுக்கு அது விஷம். பிரேக் கிளீனர் ஸ்பிரே வாங்குங்கள். தூசியைக் கம்ப்ரசர் வைத்து ஊதவும் கூடாது, பேட், ஷூவில் ஒட்டியிருக்கிற பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். நனைத்துத் துடையுங்கள்.

பின் டிரம்

இங்கே சுயமாக அட்ஜஸ்ட் ஆகிற அமைப்பு இருக்கிறது என்று கையேட்டில் போட்டிருக்கும், இருபது வருஷத் துருவுக்கு அது தெரியாது. டிரம்மைக் கழற்றி, ஷூவின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிற பல்சக்கரம் கையால் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்குங்கள், உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் ஒழுக ஆரம்பித்துவிட்டது. ஆயில் குடித்த லைனரைச் சுட்டு, தேய்த்துத் திரும்ப மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போங்கள்.

அட்ஜஸ்ட் பண்ணும் முன் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். ஷூ டிரம்மில் லேசாக உரசும் வரை பல்சக்கரத்தைச் சுற்றி, வீல் தடையில்லாமல் ஓடுகிற அளவுக்குக் கொஞ்சம் பின்வாங்க வேண்டும். கடைசியாகத்தான் கேபிள். ஹேண்ட் பிரேக் மேலே வருகிறது என்று கேபிளை மட்டும் முறுக்கிக்கொண்டே போவது இங்கே ரொம்பப் பழக்கம், அதனால் உள்ளே அட்ஜஸ்டர் வேலை செய்யாமலே போய்விடும்.

சில வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு கம்பியும் வால்வும் இருக்கும், பாரத்துக்கு ஏற்ப பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்க. ஸ்பீட் பிரேக்கரில் அடிபடுகிறது என்று ஸ்பிரிங்குக்கு அடியில் ரப்பர் வைத்துத் தூக்கிய வண்டியில், பின்னால் ஆளே இல்லை என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் குறையும். தாழ்த்திய வண்டியில் இது தலைகீழ், பின் வீல் முந்திக்கொண்டு லாக் ஆகும்.

ஆயில், காற்று எடுப்பது

பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, ஈரம் ஏறியபின் அதே விதியில் அளவு 155-தான். டாட் 3-க்கு 205, 140. புனலூரில் இருந்து வரும்போது கோட்டவாசல் தாண்டிப் புளியரை எஸ் வளைவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறீர்கள் என்றால் இந்த இரண்டாவது எண்தான் உங்கள் உயிர். ஆயில் கொதித்தால் லைனில் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். கொஞ்ச நேரம் நின்று ஆறினால் பெடல் திரும்பி வந்துவிடும், "ஒண்ணுமில்ல, சரியாயிட்டு" என்று மறுபடி கிளம்புவார்கள். பெடல் கெட்டியாகவே இருந்து, கருகின வாடை வந்து, பிடிப்பு மட்டும் குறைந்தால் அது பேட் சூடு. இரண்டும் வேறு வேறு. முன்னதற்கு ஆயில், பின்னதற்கு நல்ல பேட். இரண்டுக்குமே இறக்கத்தில் இரண்டாவது கியர்.

ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். மூடி உடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் இருந்த டப்பா வேண்டாம். டாட் 3 கேட்கிற வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்பது சிலிக்கோன், அதை இதோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 அது இல்லை, பெயர் ஒன்றுபோல இருப்பதால் கடைக்காரர் குழம்புவார், நீங்கள் குழம்பாதீர்கள்.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். முதல் நாள் இரவே நிப்பிள்களில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள், மறுநாள் சரியான அளவு ரிங் ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும், அப்புறம் கேலிப்பரையே கழற்ற வேண்டியதுதான். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான வீலில் தொடங்குவது பொதுவான முறை. நம் வலதுபக்க ஸ்டியரிங் வண்டியில் அது பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. குறுக்காக லைன் பிரித்த சில வண்டிகளுக்கு வரிசை மாறும், கையேட்டைப் பாருங்கள்.

பெடலில் இருக்கிறவர் பெரும்பாலும் வீட்டில் தம்பிதான். "மிதி... பிடிச்சுக்கோ... விடாத..." என்று சொல்லிவிட்டு நிப்பிளைத் திறக்க வேண்டும், மூடின பிறகுதான் "இப்ப விடு". இதில் அவசரம் கூடாது. முக்கியமான ஒன்று: பெடலைத் தரை வரைக்கும் மிதிக்க விடாதீர்கள், கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் சீல் வழக்கமாகப் போய்வருகிற பகுதி வழவழப்பாக இருக்கும், அதைத் தாண்டிய பகுதி இத்தனை வருஷம் தொடப்படாமல் துருவோடு கிடக்கும். முழுசாக மிதித்தால் சீல் அந்தத் துருவில் போய் உரசிக் கிழியும். "காத்து எடுத்ததுக்கப்புறம்தான் மாஸ்டர் போச்சு" என்று சொல்கிற கதைகளில் பாதி இதுதான்.

மேல் டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள், காலியானால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். பெயின்ட்டில் சிந்தினால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஏபிஎஸ் இருக்கிற வண்டியில் அதன் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் ஸ்கேனர் இல்லாமல் வராது, அதைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

இப்போது ஆசையைப் பார்க்கலாம்

இவ்வளவும் செய்தபின் பெரும்பாலானவர்களுக்கு வேறொன்றும் தேவைப்படாது. இன்னும் வேண்டும் என்றால் முதல் செலவு டயர். கடைசியில் வண்டியை நிறுத்துவது அதுதான். பக்கவாட்டில் DOT என்று தொடங்குகிற எழுத்து வரிசையின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும், 1618 என்றால் 2018-ன் பதினாறாவது வாரம். பட்டன் நிறைய இருக்கிறது என்று பத்து வருஷ டயரை வைத்துக்கொண்டு பிரேக்கைக் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை, அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

அடுத்தது பேட். ரானே, பிரேக்ஸ் இந்தியா மாதிரி இங்கேயே தயாரிக்கிற நல்ல பேட் தினசரி ஓட்டத்துக்குப் போதும். ரேஸ் பேட் வாங்காதீர்கள், அது சூடேறினால்தான் பிடிக்கும், காலையில் பாளையங்கோட்டை மார்க்கெட் முனையில் முதல் மிதிக்கு ஒன்றும் வராது. உலோகப் பின்னல் ஹோஸ் போட்டால் பெடல் கொஞ்சம் கெட்டியாகத் தெரியும், பழைய ரப்பர் ஹோஸை மாற்றுகிற வேளை வந்திருந்தால் போடலாம். ஃபோர்டு 2021-ல் இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, ஐகானுக்கெல்லாம் இப்போது பழைய இருப்புதான் பல கடைகளில். பெட்டி புதிதாக இருந்தாலும் உள்ளே ரப்பர் சீல் இறுகியிருக்கிறதா என்று நகத்தால் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள்.

துளை போட்ட டிஸ்க் தெருவண்டிக்கு அழகுக்குத்தான், துளையைச் சுற்றி வெடிப்பு விடும். பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பிரேக் கூடும் என்பதும் தவறு, அதே கால் அழுத்தத்துக்கு லைனில் அழுத்தம் குறையும், பெடல்தான் கல்லாகும். பின்னால் டிஸ்க் மாற்றினால் ஹேண்ட் பிரேக்குக்கு வேறு வழி தேட வேண்டும், முன் பின் விகிதமும் கெடும். பின் வீல் முதலில் லாக் ஆனால் மழையில் வண்டி திரும்பி நிற்கும். நான் யாருக்கும் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

புதுப் பேட்டை உட்கார வைக்க, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆளில்லாத நேரான ரோட்டுக்குப் போங்கள், நான்குவழிச் சாலை வேண்டாம். மயிலும் ஆடும் எங்கிருந்து வரும் என்று தெரியாது, கூட ஒருவரை உட்கார வைத்துப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். 60-ல் இருந்து 15 வரை ஓரளவு அழுத்தமாகக் குறையுங்கள், முழுசாக நிறுத்தாதீர்கள், மறுபடி வேகம் எடுங்கள். எட்டு, பத்து தடவை போதும். அப்புறம் பிரேக்கைத் தொடாமல் ஐந்து பத்து நிமிஷம் ஓட்டி ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கைப் பேட் கவ்விப் பிடித்தபடி நிறுத்தி வைத்தால் அந்த இடத்தில் மட்டும் படிவு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பெடல் நடுங்கும்.

திரும்பி வந்ததும் வீல் நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். புறங்கையை நாலு வீலுக்கும் பக்கத்தில் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன் இரண்டும் ஒரே அளவு சூடு, பின் இரண்டும் அதைவிடக் குறைவான ஒரே அளவு சூடு இருக்க வேண்டும். முன் இரண்டில் ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்த வீல் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது, ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அது வேலையே செய்யவில்லை. எதுவானாலும் அந்த வீலைத் திரும்பக் கழற்றி ஸ்லைடு பின்னில் இருந்து ஆரம்பியுங்கள். மறுநாள் காலையில் ஆயில் அளவையும் நாலு நிப்பிளின் அடியையும் ஒரு தாளால் துடைத்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகு புளியரைப் பக்கம் போங்கள்.